வீட்டு முற்றத்தில் ஓர் எஞ்சின்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியே சிங்கப்பெருமாள்கோயிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், பணிமுறை மாறும் வேளையில் நின்று பார்த்தவர்களுக்கு நாம் சொல்ல வருவது எளிதில் விளங்கும். ஒரே நிறச் சட்டை அணிந்த இளைஞர்கள் ஒரு பேருந்திலிருந்து இறங்க, அதே நிறச் சட்டை அணிந்த வேறு இளைஞர்கள் அதே பேருந்தில் ஏறுகிறார்கள். ஏரிப் பாசனமும் மானாவாரிக் கடலையுமாக இருந்த நிலம் இது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையின் முதல் சாண்ட்ரோ வெளிவந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012இல் டெய்ம்லரின் பாரத்பென்ஸ் லாரி ஆலை, 2013இல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாகத் தொடர்ந்தன. இருங்காட்டுக்கோட்டை ஆலை ஒன்றே ஆண்டுக்கு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைச் செய்யும் திறனுடையது. ஓர் ஆண்டில் உள்ள நிமிடங்களோ ஐந்து லட்சத்து இருபத்தையாயிரத்துச் சொச்சம்தான். கணக்கை வாசகர்களிடமே விட்டுவிடுகிறோம்.

இத்தனை எஞ்சின்கள் நடமாடும் மண்ணில், ஓர் எஞ்சினை அக்கக்காகக் கழற்றி, மறுபடி தம் கையாலேயே பூட்டி ஓட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? குறை காண்பதற்காக இதைக் கேட்கவில்லை. 1913இல் ஹென்றி ஃபோர்டின் ஆலையில் நகரும் பூட்டு வரிசை தொடங்கிய நாளிலிருந்து, தொழிலாளி நிற்க வண்டி நகர்கிறது. அதனால்தான் கார் எளியோர் கைக்கும் எட்டும் விலைக்கு வந்தது. ஆயினும் குருமடத்தில் மெய்யியல் படித்த காலத்தில் அரிஸ்டாட்டிலின் நான்கு காரணங்களை மனப்பாடம் செய்தவர்களுக்கு ஒரு சிக்கல் எழுகிறது. பொருள், வடிவம், செய்பவன், நோக்கம் என்று நான்கையும் அறிந்தவனே ஒரு பொருளை அறிந்தவன் என்பது அவர் கொள்கை. வரிசையில் நிற்கும் இளைஞன் செய்பவன்தான். ஆனால் எதைச் செய்கிறான்?

ஒரகடத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் எமக்குப் பழக்கமான ஒரு குடும்பம் உண்டு. தகப்பனார் பிக்கப் வண்டி வைத்திருப்பவர். விடியுமுன் கோயம்பேட்டிலிருந்து காய்கறி ஏற்றி வந்து, ஆலைகளுக்குச் சாப்பாடு போடும் ஒப்பந்தச் சமையற்கூடங்களில் இறக்குவது அவர் தொழில். மகன் ஐ.டி.ஐ. முடித்து, ஓர் ஆலையின் எஞ்சின் பிரிவில் மூன்று ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தான். தன்னைக் கடந்து செல்லும் ஒவ்வோர் எஞ்சினிலும் பக்கவாட்டு மூடியொன்றின் எட்டு போல்ட்டுகளை மின்கருவியால் இறுக்குவது அவன் வேலை. இறுக்கம் சரியானால் பச்சை விளக்கு எரியும், தவறினால் சிவப்பு. அந்த மூடிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டோம். "எண்ணெய் போற வழின்னு சொன்னாங்க சாமி" என்றான். ஒப்பந்தம் முடிந்து அவன் வீடு திரும்பிய அதே மாதத்தில் தகப்பனாரின் வண்டியும் படுத்துவிட்டது.

வண்டி 2003ஆம் ஆண்டு பதிவான மகிந்திரா பிக்கப். காலையில் எழுப்புவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும். எழுந்தாலோ நீலப் புகை. எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால், கஞ்சிப் பானையைத் திறந்தாற்போல் ஆவி குபுகுபுவென்று வரும். எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்பதற்கு அதுவே சான்று. எஃப்.சி. முடிய ஏழு வாரம் இருந்தது. எட்டு ஆண்டுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகள் ஆண்டுதோறும் தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டும். இந்தப் புகையோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பட்டறையில் எஞ்சின் வேலைக்கு எழுபத்தையாயிரம் கேட்டார்கள். பழைய இரும்பு வியாபாரி வண்டியையே அறுபதாயிரத்துக்குக் கேட்டார். வீட்டில் இருந்ததோ நாற்பதாயிரத்துக்குள். "நானே இறக்கிப் பார்க்கிறேன்" என்றான் மகன். தாய் அழுதார். தகப்பனார் ஒரு நாள் முழுவதும் பேசவில்லை. மறுநாள் செயின் பிளாக் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்து முற்றத்தில் வைத்தார். அவர் சம்மதம் தெரிவித்த விதம் அது.

இவ்வாறு வீட்டிலேயே எஞ்சினோடு மல்லுக்கட்டுவது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. கோயம்புத்தூர் ஜி.டி.நாயுடு இளமையில் உணவு விடுதியில் வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, முதற்காரியமாக அதைப் பிரித்துப் போட்டார் என்பது நாடறிந்த செய்தி. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவர் விட்ட ஒற்றைப் பேருந்துதான் பின்னாளில் பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. அதற்கும் முன்பே, 1903இல், சென்னை சிம்சன் நிறுவனத்தில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவிக் கார் ஒன்றைக் கட்டி ஓட்டினார். பிறகு பெட்ரோல் குடித்த பழைய லாரிகளிலும் அம்பாசிடர்களிலும் டீசல் எஞ்சினைப் பொருத்திய பெயர் தெரியாத மெக்கானிக்குகளின் காலம் வந்தது. அவர்களைப் பற்றி யாரும் புத்தகம் எழுதவில்லை.

இந்தப் பிக்கப்பின் எஞ்சினுக்கும் ஒரு வரலாறு உண்டு. நான்கு சிலிண்டர்கள், கொள்ளளவு 2523 கன சென்டிமீட்டர். சிலிண்டரின் விட்டம் 88.9 மில்லிமீட்டர்; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 101.6. இந்தப் பின்னங்கள் ஏன் என்று பையன் கேட்டான். அங்குலமாக மாற்றிப் பார்க்கச் சொன்னோம். மூன்றரை அங்குலம், நான்கு அங்குலம் என்று துல்லியமாக வந்தது. அந்த அங்குலங்களே இதன் பூர்வீகத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. 1947இல் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கிய மகிந்திரா, 1963இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், வோல்டாஸ் ஆகியவற்றுடன் சேர்ந்து டிராக்டர் செய்யும் கூட்டு நிறுவனத்தைத் தொடங்கியது. அந்த நிறுவனத்தின் பிரித்தானியப் பிரிவு வடிவமைத்த பி-275 வகை டிராக்டர் இங்கே வந்தது. அந்தக் குடும்பத்து டீசல் எஞ்சினின் வழித்தோன்றலே ஜீப்பிலும் பிக்கப்பிலும் ஏறியது. ஏர் இழுக்கப் பிறந்த எஞ்சின் கத்தரிக்காய் இழுத்துக்கொண்டிருக்கிறது. அகலத்தைவிட உயரம் மிகுந்த சிலிண்டர் ஆதலால் குறைந்த சுழற்சியிலேயே நன்றாக இழுக்கும். விரைந்து ஓடுவது அதன் இயல்பன்று.

மாலை வேளைகளில் நாமும் போவோம். எமக்கு வாய்த்த பணிகள் இரண்டு: டார்ச் விளக்கைப் பிடிப்பது; ஆங்கிலக் கையேட்டை வாசித்துச் சொல்வது. இரண்டாவதில் அவர்கள் எம்மைப் பெரிதும் நம்பினார்கள் என்று சொல்ல முடியாது. கையேடு எந்த எண்ணைச் சொன்னாலும் தகப்பனார் ஒருமுறை தம் விரலால் தடவிப் பார்த்த பிறகே தலையசைப்பார்.

கழற்றும் முறையில்தான் பையனின் குணம் தெரிந்தது. ஒவ்வொரு பகுதியின் நட்டுகளும் தனித்தனிப் பால்மாவு டப்பாவில். டப்பாவின் மேல் சாக்குக்கட்டியில் பெயர். எட்டு வால்வுகளையும் ஓர் அட்டைப்பெட்டியில் துளையிட்டு, எந்தச் சிலிண்டரின் எந்த வால்வு என்று எழுதிக் குத்திவைத்தான். ஒன்றோடொன்று தேய்ந்து பழகிய உறுப்புகளை இடம் மாற்றினால் மறுபடி பொருந்தா. சிலிண்டரின் மேல்விளிம்பில் விரல் நகம் தட்டுமளவுக்கு ஒரு வரப்பு இருந்தது. பிஸ்டன் வளையம் அந்த இடத்தில்தான் நின்று திரும்புகிறது. எரிவாயுவின் அழுத்தம் அங்கேதான் மிகுதி. எண்ணெய்ப் படலமோ அங்கேதான் மிகக் குறைவு. ஆகவே சுவர் அங்கே அதிகம் தேய்கிறது. வளையம் எட்டாத மேற்பகுதி தேயாமல் வரப்பாக நிற்கிறது. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றைப் பதினெட்டு மடங்களவு நெருக்கும்போது உண்டாகும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். சுவர் தேய்ந்தால் காற்று கசியும். காற்று கசிந்தால் சூடு பிறக்காது. காலையில் வண்டி எழாததன் காரணம் இவ்வளவுதான்.

லேத்துப் பட்டறையில் அளந்தபோது நான்காம் சிலிண்டர் மற்ற மூன்றையும்விட அதிகம் தேய்ந்திருந்தது. பட்டறைக்காரர், "புதுப்பேட்டையில ஒரு பழைய பிளாக்கே வாங்கிடலாமே, இதைக் கடையற கூலியில பாதிதான் ஆகும்" என்றார். யோசனை சிக்கனமானதுதான். ஆனால் எஞ்சின் எண் பிளாக்கில்தான் குத்தப்பட்டிருக்கிறது. அந்த எண்தான் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, அதிகாரியின் ஒப்புதலின்றி எஞ்சினை மாற்றக் கூடாது. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது. எஃப்.சி.க்கு ஐந்து வாரமே இருந்த நிலையில் அந்த அலைச்சலுக்கு யாரால் முடியும்? பழைய பிளாக்கையே அரை மில்லிமீட்டர் கடைந்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது என்று முடிவாயிற்று.

அப்போதுதான் தகப்பனுக்கும் மகனுக்கும் தகராறு மூண்டது. மகன் புதுப்பேட்டையில் பழைய டர்போ ஒன்றை விலை பேசி வைத்திருந்தான். வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதன் மறுமுனையால் காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் கருவி அது. 1905இல் ஆல்ஃபிரட் பூச்சி என்ற சுவிஸ் பொறியாளர் காப்புரிமை பெற்ற யுக்தி. அதிகக் காற்று, அதிக டீசல், அதிக ஆற்றல். ஆலையில் தான் பார்த்த புத்தம்புது எஞ்சின்களைப் போல இதையும் ஆக்கிவிட வேண்டும் என்பது அவன் ஆசை. மூன்று ஆண்டுகளாக எட்டு போல்ட்டுகளை மட்டுமே தொட்டவனுக்கு அந்த ஆசை வராவிட்டால்தான் வியப்பு.

"சாமி, நீங்க சொன்னா கேப்பான்" என்று தகப்பனார் எம்மிடம் வந்தார். தீர்ப்புச் சொல்லும் தகுதி எமக்கு இந்தத் துறையில் இல்லை. பையனிடம் ஒன்றை மட்டும் கேட்டோம்: "தம்பி, அப்பா எந்த வேகத்தில் ஓட்டுகிறார்?" நாற்பது, மிஞ்சினால் ஐம்பது என்றான். டர்போவின் சக்கரம் வேகம் பிடிப்பதற்கே எஞ்சின் ஓரளவு சுழல வேண்டும். மேலும் எரியும் சூடு கூடினால் பிஸ்டனின் தலையை எண்ணெய் பீய்ச்சிக் குளிர்விக்க வேண்டும். சிலிண்டர் தலையின் கேஸ்கெட் கூடுதல் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். டர்போவின் தண்டுக்குத் தனியே எண்ணெய்க் குழாய் வேண்டும். இவற்றையெல்லாம் எண்ணிச் செய்த எஞ்சின் வேறு, இது வேறு. அவனே ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தான். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு டர்போவைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஆனால் அவன் முறையும் வந்தது. பிளாக்கின் பக்கவாட்டில் இருந்த சிறு தகர மூடிகளைக் கழற்றியபோது, நீர் ஓடும் அறைக்குள், நான்காம் சிலிண்டரைச் சுற்றி, துருவும் சுண்ணாம்பும் சேர்ந்த செந்நிறச் சேறு கெட்டியாக அடைத்துக் கிடந்தது. ஆழ்துளைக் கிணற்று உப்புநீரை ஆண்டுக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றியதன் விளைவு. ரேடியேட்டரின் குழாய்களிலும் அதே கதை. தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடமோ காலியாக இருந்தது!

தகப்பனார் அதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே பிடுங்கி எறிந்திருந்தார். ஒரு சித்திரை வெயிலில் வாலாஜாபாத் சாலையில் வண்டி கொதித்து நின்றதாம். யாரோ சொன்னார்களாம், அந்த வால்வை எடுத்துவிட்டால் கொதிக்காது என்று. உண்மையிலேயே அதன்பின் கொதிக்கவில்லை. "வெயில் ஊரு இது. குளிரு நாட்டுக்காரன் வெச்ச சாமானு நமக்கு எதுக்கு?" என்பது அவர் வாதம். நம் ஊர் மெக்கானிக்குகளில் பலரும் இன்றுவரை சொல்லும் வாதமும் இதுவே.

மகன் விடவில்லை. தெர்மோஸ்டாட்டுக்குள் மெழுகு இருக்கிறது. நீர் ஏறத்தாழ எண்பது டிகிரி சூடாகும்வரை அது கதவை மூடி வைத்து, எஞ்சினை விரைவில் சூடேற விடுகிறது. அது இல்லாவிட்டால் குளிர்ந்த நீர் எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும். விடியற்காலை மூன்று மணிக்குப் புறப்படும் வண்டி பாதி தூரம் குளிரிலேயே ஓடும். குளிர்ந்த சுவரில் எரியாத டீசல் படிந்து எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். எரிந்த டீசலின் கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிச் சுவரை அரிக்கும். அடைத்துப் போன ரேடியேட்டர்தான் நோய். அவர் எடுத்தெறிந்ததோ நோயைக் காட்டிய அடையாளத்தை. இதையெல்லாம் மகன் மூச்சுவிடாமல் சொன்னான். தகப்பனார் அந்தச் செந்நிறச் சேற்றை விரலால் எடுத்து நசுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அன்னிக்கு வண்டி நின்னுச்சு. சரக்கு அழுகிடும்னு பயம். வேற என்ன செய்வேன்?" என்றார். மகன் பதில் சொல்லவில்லை. ஆயினும் மறுநாள் ரேடியேட்டரைப் பட்டறைக்கு எடுத்துச் சென்று, குழாய் குழாயாகக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, புதிய தெர்மோஸ்டாட்டையும் வாங்கி வந்தவர் தகப்பனாரே.

ஆக, மகன் செய்ய நினைத்த மாற்றமும் நடக்கவில்லை. தகப்பனார் செய்து வைத்திருந்த மாற்றமும் நிலைக்கவில்லை. எஞ்சின் அதை வரைந்தவர்கள் எண்ணியபடியே திரும்பக் கட்டப்பட்டது. இளைஞர்கள் பலருக்கு இது சப்பென்று தோன்றக்கூடும். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை.

பூட்டும் வேலை பன்னிரண்டு நாள் நடந்தது. வால்வுகளை அமர்த்தும் வேலை தகப்பனாருடையது. பசையைத் தடவி, உறிஞ்சு குமிழ் பொருத்திய குச்சியை இரு உள்ளங்கைகளுக்கு இடையே வைத்து, மோர் கடைவதுபோல் இருபுறமும் சுழற்றுவார். பிறகு மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார். வந்து பார்க்கும்போது ஒரு சொட்டும் கசிந்திருக்கக் கூடாது. பிஸ்டன் வளையங்களின் வாய்கள் ஒன்றன்கீழ் ஒன்று நேராக வராதபடி திருப்பி வைத்தது மகன். புதிதாகக் கடைந்த சுவரில் குறுக்குநெடுக்காகக் கோடுகள் தெரிந்தன; எண்ணெய் தங்குவதற்காக வேண்டுமென்றே இழுக்கும் கீறல்கள் அவை. கண்ணாடிபோல் வழவழப்பாக்கினால் எண்ணெய் நில்லாது. கடைசியாகச் சிலிண்டர் தலையின் போல்ட்டுகள். நடுவிலிருந்து தொடங்கி வெளிப்புறமாக, மூன்று சுற்றில், சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். இரவல் வாங்கிய டார்க் ரெஞ்ச் கிளிக்கென்று ஒலித்தபோது பையன் நிமிர்ந்து எம்மைப் பார்த்தான். "இங்க பச்சை லைட் இல்ல சாமி" என்று சிரித்தான்.

ஓடவைத்த நாளில் முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. பம்பிலிருந்தும் குழாய்களிலிருந்தும் காற்றை வெளியேற்றுவதற்கே அரை மணி ஆயிற்று. முதல் இரண்டு முறை எஞ்சின் வெறுமனே சுழன்றது. மூன்றாம் முறை ஒரு சிலிண்டர் மட்டும் இடித்தது, பிறகு இன்னொன்று, பிறகு நான்கும் சேர்ந்து, தட்டுமுட்டுச் சாமான்கள் அதிர, வெண்புகையோடு எழுந்தது. புகை மெல்ல அடங்கியது. கைதட்டியவர்களைத் தகப்பனார் கைகாட்டி நிறுத்தினார். அவருக்கு ஓசையைக் கேட்க வேண்டியிருந்தது. நீண்ட ஸ்குரூடிரைவரின் முனையைப் பிளாக்கில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, ஒவ்வோர் இடமாகக் கேட்டுக்கொண்டு போனார். நான்காம் சிலிண்டரில் அதிக நேரம் நின்றார். பிறகு ஸ்குரூடிரைவரை மகனிடம் கொடுத்தார்.

எஃப்.சி. கிடைத்தது. செலவு முப்பத்தெட்டாயிரத்துச் சில்லறை. பையன் இப்போது வேறோர் ஆலைக்கு மனுப் போட்டிருக்கிறான். மனுவில் முன்அனுபவம் என்ற இடத்தில் மூன்று ஆண்டு ஒப்பந்த வேலையை எழுதினான். முற்றத்தில் கட்டிய எஞ்சினை எழுதவில்லை. எழுதச் சொன்னோம். அதற்குச் சான்றிதழ் கேட்பார்களே என்றான். அவன் சொல்வதும் சரியே. இந்த வாய்ப்பும் இனி நீளாது. 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.-6 டீசல் வண்டிகளில் எரிபொருள் ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பீய்ச்சப்படுகிறது. எப்போது, எவ்வளவு என்பதைக் கணினி முடிவு செய்கிறது. ஸ்குரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்டு அந்தக் கணினியின் மனத்தை அறிய முடியாது. புகை குறைந்திருப்பது நம் பிள்ளைகளின் நுரையீரலுக்கு நல்லது, அதை மறுப்பதற்கில்லை.

ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் எண்ணெயை மாற்றினார்கள். வடிந்த எண்ணெயில் காந்தத்தை விட்டுப் பார்த்தார்கள். மாவுபோல் சிறிது துகள்தான், கவலைப்பட ஒன்றுமில்லை. வண்டி மறுபடி நாள்தோறும் மூன்று மணிக்குக் கோயம்பேடு புறப்படுகிறது. வெப்பமானியின் முள் எண்பதுக்கும் தொண்ணூறுக்கும் நடுவிலேயே நிற்கிறது என்று தகப்பனார் சொன்னார். மகன் நம்பவில்லை. ஒரு நாள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு உடன் சென்று, போகவர முழுவதும் அந்த முள்ளையே பார்த்துவிட்டு வந்தான்.